ஓட்டக் கணக்கை எக்ஸெல்லில் எழுதுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர் எக்ஸெல் தொகுப்பை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு, "இது ஆபீஸ் சமாச்சாரம், நமக்கு எதற்கு?" என்று மூடிவிடுகின்றனர். பால் கணக்கு, மளிகைக் கணக்கு என்று உதாரணம் காட்டும் கட்டுரைகள் நிறைய வந்துவிட்டன. நான் வேறொரு கணக்கைச் சொல்கிறேன். காலையில் ஓடுபவர்களுக்கான ஓட்டக் கணக்கு.

நான் சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவன். பகல் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்தே இருக்கும் வேலை. அதனால் மூன்று வருடங்களாகப் பெசன்ட் நகர் கடற்கரைப் பக்கம் காலையில் ஓடி வருகிறேன். சென்னையில் சில 10 கி.மீ. போட்டிகளிலும், இரண்டு அரை மாரத்தான்களிலும் (21.1 கி.மீ.) ஓடியிருக்கிறேன். பரிசு வாங்கும் ரகம் இல்லை. நடுக்கூட்டத்தோடு வந்து சேர்ந்து, மெடலையும் வாழைப்பழத்தையும் வாங்கிக் கொண்டு வீட்டுக்குப் போகும் ரகம்.

ஓடத் தொடங்கும் நண்பர்கள் எல்லோரும், "எந்த வாட்ச் வாங்கலாம்?" என்ற கேள்வியைத்தான் முதலில் கேட்கின்றனர். ஆயிரக்கணக்கில் செலவழிக்கவும் தயாராக வருகின்றனர். நான் சொல்லும் பதில் அவர்களுக்குப் பிடிப்பதில்லை. வாட்ச் அப்புறம் பார்த்துக் கொள்ளலாம். முதலில் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு எக்ஸெல் பைலைத் திறந்து, ஓடிய ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி எழுதுங்கள். எக்ஸெல் இல்லை என்றால் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் போதும். அது இலவசமாகவே கிடைக்கிறது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் காலை ஓட்டக் குழுவில் நாற்பது வயதைத் தாண்டிய நண்பர் ஒருவர் அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருந்தார். போட்டிக்கு ஐந்து வாரம் இருக்கும்போது, முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் வலி வந்துவிட்டது. எலும்பு டாக்டர் கேட்டவை எளிய கேள்விகள்தான். வலி என்றைக்கு ஆரம்பித்தது? அதற்கு முந்தைய வாரங்களில் தூரத்தைக் கூட்டினீர்களா? ஓடும்போது வலிக்கிறதா, ஓடி முடித்த பிறகா? ஷூ எவ்வளவு பழையது? நண்பர் தன் மொபைலில் இருந்த ஆப்பைத் திறந்து நீட்டினார். அதில் ஓடிய தெருக்களின் மேப் இருந்தது. வேகம், கலோரி, இதயத் துடிப்பு எல்லாம் கலர் கலராக இருந்தன. வலி மட்டும் இல்லை. பிறகு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்ததில் எலும்பில் மயிரிழை போல ஒரு விரிசல். எட்டு வாரம் ஓடக் கூடாது என்று சொல்லிவிட்டனர்.

ஆப் மேல் குற்றம் இல்லை. அதனிடம் உள்ள சென்சார் எதை அளக்குமோ அதைத்தான் அது எழுதி வைக்கும். வலியை அளக்கும் சென்சார் யாரிடமும் இல்லை. நாம்தான் எழுத வேண்டும். முதல் நாள் "இடது கால், லேசான வலி" என்று டைப் செய்து, நான்காவது நாளும் அதையே டைப் செய்ய நேரும்போது, ஐந்தாவது நாள் ஷூவை மாட்ட யாருக்கும் மனம் வராது.

இனி பைலுக்கு வருவோம். முதல் வரியில் தலைப்புகளைத் தந்திடுங்கள். ஏ பிரிவில் தேதி, பி பிரிவில் தூரம், சி பிரிவில் ஓடிய நேரம், டி பிரிவில் ஒரு கிலோ மீட்டருக்கு ஆன நேரம். அடுத்து முந்தின இரவு தூங்கிய மணிகள், எந்த ஷூ, வலி (இல்லை என்றால் 0, தாங்க முடியாது என்றால் 10), கடைசியாகக் குறிப்பு. இவ்வளவுதான். இதற்கு மேல் கூட்டினால் இரண்டு வாரத்தில் எழுதுவதை விட்டுவிடுவீர்கள். தூரத்திற்கு மொபைல் போன் சொல்வதையே எழுதலாம், அல்லது மேப்பில் ஒருமுறை அளந்து வைத்துக் கொண்ட பாதையிலேயே தினமும் ஓடலாம்.

நேரத்தை டைப் செய்வதில் ஒரு சிக்கல் உள்ளது. 62 நிமிடம் 30 நொடி ஓடியிருந்தால் 62:30 என்று டைப் செய்யத் தோன்றும். எக்ஸெல் அதை 62 மணி 30 நிமிடம் என எடுத்துக் கொள்ளும்! எனவே 1:02:30 என்று மூன்று பகுதிகளாகத் தர வேண்டும். அரை மணி நேரம் என்றால் 0:30:00. பின் டி2 செல்லில் சமக்குறி இட்டு, சி2, வகுத்தல் கோடு, பி2 என டைப் செய்து என்டர் தட்டுங்கள். விடை புரியாத தசம எண்ணாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். செல்லில் ரைட் கிளிக் செய்து, பார்மட் செல்ஸ் பிரிவில் நிமிடமும் நொடியும் காட்டும் வகையைத் தேர்ந்தெடுத்தால் 6:15 போலச் சரியாகத் தெரியும். செல்லின் கீழ் மூலையில் உள்ள சிறு கட்டத்தை மவுஸால் பிடித்துக் கீழே இழுத்திட, மற்ற வரிகளுக்கும் பார்முலா போய்விடும்.

வாரக் கடைசியில் தூரத்தைக் கூட்டிப் பாருங்கள். வாரத்துக்கு வாரம் 10 சதவீதத்திற்கு மேல் தூரத்தைக் கூட்டாதே என்று ஓட்டக்காரர்களிடையே ஒரு பழைய பேச்சு உண்டு. அதை வேதவாக்காக எடுத்துக் கொள்ள வேண்டாம். ஆனால், போன வாரம் 20 கி.மீ., இந்த வாரம் 32 கி.மீ. என்று தாவியிருந்தால் அந்த எண்ணே உங்களைப் பார்த்து முறைக்கும். ஷூவுக்கும் இதே போல ஒரு கூட்டல் வைத்துக் கொள்ளலாம். ஒரு ஜோடி 500 முதல் 800 கி.மீ. வரை உழைக்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள்.

ஆறு மாத வரிகள் சேர்ந்த பிறகுதான் இந்த பைல் ருசிக்க ஆரம்பிக்கும். நான் ஒருநாள் ஆட்டோ ஃபில்டர் கொடுத்து, ஐந்து மணி நேரத்திற்கும் குறைவாகத் தூங்கிய நாட்களை மட்டும் பிரித்துப் பார்த்தேன். கிலோ மீட்டருக்கு 20 முதல் 30 நொடி வரை கூடுதலாக ஆகியிருந்தது. அத்தனையும் கம்பெனியில் புது வெர்ஷன் வெளியிடும் வாரங்கள். இப்போது அந்த வாரங்களில் மெதுவாக ஓடுகிறேன், அல்லது நடக்கிறேன். இன்னொன்று, நம் ஊர் மே மாதம். விடிகாலையிலேயே காற்றில் ஈரப்பதம் நிறைந்து, வியர்வை உலராது. உடல் சூடு இறங்காது. ஜனவரியில் 6:20ல் ஓடும் கிலோ மீட்டருக்கு மே மாதத்தில் 6:50 ஆகிறது. நான் வைத்திருந்த ஆப் இதைப் பார்த்து "உங்கள் உடல் திறன் குறைந்து வருகிறது" என்று மெசேஜ் அனுப்பியது. என் குறிப்புப் பிரிவில் "புழுக்கம், காற்றே இல்லை" என்று எழுதியிருந்தது. நான் என் குறிப்பை நம்பினேன்.

அப்படியானால் வாட்ச் காட்டும் எண்கள் பொய்யா? பொய் இல்லை, மதிப்பீடு. ஜிபிஎஸ் சாட்டிலைட்டுகள் பூமிக்கு மேல் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. குறைந்தது நான்கு சாட்டிலைட்டுகளின் சிக்னல் கிடைத்தால், உங்கள் போன் தான் இருக்கும் இடத்தைக் கணக்கிடும். திறந்த வெளியில்கூட அதில் சுமார் 5 மீட்டர் முன்பின் இருக்கும். மேம்பாலத்தின் அடியிலும், உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவிலும், அடர்ந்த மரங்களின் கீழும் பிழை இன்னும் கூடும். இப்படித் தள்ளாடும் புள்ளிகளைக் கோடு போட்டு இணைத்தால் நேரான சாலையும் கோணல் மாணலாகி, தூரம் சற்றுக் கூடிவிடுகிறது.

போட்டி முடிந்ததும் இதை வைத்து ஒரு சண்டை நிச்சயம் நடக்கும். "என் வாட்சில் 10.2 காட்டுகிறது, பாதையைத் தப்பாக அளந்துவிட்டார்கள்" என்று பத்துப் பேராவது அமைப்பாளரைச் சூழ்ந்து கொள்வார்கள். சர்வதேச விதிப்படி அளக்கப்படும் பாதைகளில், சக்கரச் சுற்றை எண்ணும் கருவி பொருத்திய சைக்கிளில், வளைவுகளில் ஓரத்திலிருந்து 30 செ.மீ. தள்ளி, இருப்பதிலேயே குறுகிய வழியில் அளக்கின்றனர். தூரம் குறைந்துவிடக் கூடாது என்பதற்காகக் கிலோ மீட்டருக்கு ஒரு மீட்டர் கூடுதலாகவும் சேர்க்கின்றனர். நாமோ கூட்டத்தில் இடமும் வலமும் ஒதுங்கி, தண்ணீர் மேஜைக்குப் போய் வந்து, அந்தக் குறுகிய கோட்டை விட்டு விலகியே ஓடுகிறோம். அதோடு ஜிபிஎஸ் பிழையும் சேர்கிறது. எல்லா உள்ளூர்ப் போட்டிகளும் இப்படி அளக்கப்படுவதில்லை என்பதும் உண்மைதான். பெயர் கொடுக்கும் முன் கேட்டுத் தெரிந்து கொள்ளலாம்.

இந்த 200 மீட்டர் சின்ன விஷயமில்லை. 10 கி.மீ. தூரத்தை ஒரு மணி நேரத்தில் முடிக்க ஆசைப்படும் ஒருவர், வாட்சில் 6:00 என்பதைப் பார்த்தபடியே கடைசி வரை ஓடுகிறார் என வைத்துக் கொள்வோம். முடிவுக் கோட்டில் வாட்ச் 10.2 கி.மீ. காட்டினால், ஆன நேரம் 61 நிமிடம் 12 நொடி. மாதக் கணக்கில் உழைத்த இலக்கு கைநழுவிவிடும். சாலையோரக் கிலோ மீட்டர் பலகைகளைப் பார்த்து ஓடுவதே நல்லது.

பைலில் எழுத வேண்டிய நேரம் எது என்பதிலும் குழப்பம் வரும். போட்டியில் தரும் எண் அட்டையின் பின்னால் ஒட்டியிருக்கும் சிறிய சிப், ஆர்எஃப்ஐடி வகையைச் சேர்ந்தது. அதற்குத் தனி பேட்டரி கிடையாது. தரையில் விரித்த பாயைக் கடக்கும்போது ரீடர் அனுப்பும் ரேடியோ அலையிலேயே சக்தி பெற்று, தன் எண்ணைச் சொல்லும். இதனால் ரிசல்ட்டில் இரண்டு நேரங்கள் வரும். ஒன்று, தொடக்க சிக்னலிலிருந்து கணக்கிட்டது. மற்றொன்று, நீங்கள் தொடக்கக் கோட்டைக் கடந்த நொடியிலிருந்து கணக்கிட்டது. கூட்டத்தின் பின்னால் நிற்கும் என்னைப் போன்றவர்களுக்கு இரண்டுக்கும் சில நிமிட வித்தியாசம் இருக்கும். இரண்டாவதை எழுதிடுங்கள். நேரமே வேண்டாம் என்றால் அதற்கும் இடம் இருக்கிறது. 2008 முதல் நடந்துவரும் ஆரோவில் மாரத்தானில் முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்ற பேச்சே இல்லை. செம்மண் பாதையில் ஓடும் சுகம்தான் பரிசு.

இதயத் துடிப்பு பற்றியும் ஒரு வார்த்தை. பல கருவிகளும் ஆப்களும் 220லிருந்து உங்கள் வயதைக் கழித்து, அதை உங்கள் அதிகபட்சத் துடிப்பாக வைத்துக் கொண்டு பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிக்கின்றன. 28 வயதானால் 192. 2001ல் வெளியான வேறொரு சமன்பாட்டில், 208லிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழித்தால் 188. இரண்டுமே சராசரிகள். தனி ஒருவருக்கு நிமிடத்திற்குப் பத்துத் துடிப்புக்கு மேல்கூட மாறலாம். சிவப்பைப் பார்த்துப் பதறுவதைவிட, ஓடும்போது பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அது நிதான வேகம். ஆனால் நெஞ்சு வலி, மயக்கம் என்றால் பேச்சு எதுவும் வேண்டாம். ஓட்டத்தை நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் போகவும்.

எக்ஸெல்லில் எனக்கு மிகவும் பிடித்த பார்முலா, பீட் ரீகல் என்ற அமெரிக்க என்ஜினியர் 1977ல் தந்தது. அவரும் ஓட்டக்காரர். ஒரு தூரத்தில் உங்களுக்கு ஆன நேரத்தை வைத்து, வேறொரு தூரத்திற்கு எவ்வளவு ஆகும் என்று கணிக்கலாம். புதிய தூரத்தைப் பழைய தூரத்தால் வகுத்து, விடையை 1.06 அடுக்குக்கு உயர்த்தி, பழைய நேரத்தால் பெருக்க வேண்டும். அடுக்குக்கான ^ குறியை ஷிஃப்ட் கீயுடன் 6ஐ அழுத்திப் பெறலாம். 10 கி.மீ. 60 நிமிடத்தில் ஓடுபவருக்கு அரை மாரத்தான் சுமார் 2 மணி 12 நிமிடம், முழு மாரத்தான் 4 மணி 36 நிமிடம் என்று வரும். போதிய நீண்ட ஓட்டப் பயிற்சி இல்லாதவர்களுக்கு இந்தக் கணக்கு நேரத்தைக் குறைத்தே சொல்லும். முழு மாரத்தானில் இன்னும் அதிகமாக ஏமாற்றும். புழுக்கமான ஒரு காலையில் எனக்கு அரை மாரத்தான் 2:19 ஆனது. அந்த ஏழு நிமிடத்துக்கான காரணத்தை என் குறிப்புப் பிரிவில்தான் தேடினேன்; அந்த வாரம் தூக்கமும் குறைவு.

வாட்சோ ஆப்போ வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஆனால், உங்கள் டேட்டா யார் வீட்டில் இருக்கிறது என்பதைத் தெரிந்து வைத்துக் கொள்ளுங்கள். பலர் பயன்படுத்திய எண்டோமோண்டோ சேவை 2020 டிசம்பர் 31ல் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் கார்மின் நிறுவனத்தின் சர்வர்கள் தாக்குதலுக்கு உள்ளாகி, சேவை சில நாட்கள் முடங்கியது. 2018 ஜனவரியில் நடந்தது இன்னும் வினோதம். ஸ்ட்ராவா நிறுவனம் வெளியிட்டிருந்த உலக மேப்பில், வீரர்கள் ஓடிய தடங்களை வைத்தே ராணுவ முகாம்கள் அடையாளம் தெரிந்தன. ராணுவத்திற்கே இந்தக் கதி என்றால், தினமும் ஒரே வாசலில் தொடங்கி அதே வாசலில் முடியும் நம் ஓட்டம் நம் வீட்டை ஊருக்கெல்லாம் காட்டிவிடும். எங்கள் குழுவில் உள்ள பெண்கள் தெருமுனை தாண்டிய பிறகே பதிவைத் தொடங்குகின்றனர். ஆப் செட்டிங்ஸில் வீட்டைச் சுற்றிய பகுதியை மறைக்கும் வசதி இருந்தால் அதையும் இயக்கிடுங்கள்.

பல ஆப்களில் உங்கள் ஓட்டத்தை ஜிபிஎக்ஸ் பைலாக டவுண்லோட் செய்திடலாம். அதை நோட்பேடில் திறந்து பாருங்கள். அட்சரேகை, தீர்க்கரேகை, நேரம் என்று வரிவரியாக இருக்கும். வேறு ரகசியம் ஒன்றும் இல்லை. மாதம் ஒருமுறை இந்த பைல்களை எடுத்து, எக்ஸெல் பைல் உள்ள போல்டரிலேயே போட்டு வையுங்கள். பிறகு அந்த போல்டரை அப்படியே ஒரு பென் டிரைவில் காப்பி செய்து, பென் டிரைவை கம்ப்யூட்டர் மேஜையில் வைக்காமல் பீரோவில் வைத்திடுங்கள்.