வீடும் விடுதியும்

பிழைப்பை நாடி அயலூர் வந்த குடும்பங்களுக்குச் சம்பளத்தின் முதற்பங்கு வாடகைக்கே போய்விடுகிறது என்பதை அன்பர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆதலின், வீடுகள் விடுதிகளாக மாறுவதைத் தடுக்க நியூயார்க் மாநகரம் செய்த ஏற்பாடு நாமும் சிந்திக்கத் தக்கதாகும்.

ஏர்பிஎன்பி போன்ற இணையதளங்களின் வழியாகக் குடியிருப்புகளைப் பயணிகளுக்கு நாள்வாடகைக்கு விடும் வழக்கம் அங்கே பெருகியது. இதில் மாதவாடகையினும் வரும்படி அதிகம். எனவே குடித்தனக்காரருக்குரிய வீடுகள் குறைகின்றன என்ற முறையீடு எழுந்தது. 2022-இல் இயற்றிய 18-ஆம் எண் உள்ளூர்ச் சட்டத்தை, 2023 செப்டம்பர் 5 முதல் நகர நிர்வாகம் கண்டிப்பாக அமுல் செய்தது. 30 நாட்களுக்குக் குறைவாக விருந்தினரை ஏற்போர் பதிவு செய்துகொள்ள வேண்டும். தாமும் உடன் தங்க வேண்டும். விருந்தினர் இருவருக்கு மேல் கூடாது. மீறினால் 5,000 டாலர் வரை அபராதம்.

விளைவு என்ன? நாள்வாடகை அறிவிப்புகளில் பெரும்பகுதி விரைவில் மறைந்தது. பல வீடுகள் 30 நாள் வாடகைக்கு மாறின. ஹோட்டல் கட்டணம் ஏறியது. குடித்தன வாடகையோ இறங்கவில்லை. 2023-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கே நூறு வாடகை வீடுகளுக்குக் காலியாக இருந்தவை ஏறக்குறைய 1.4 மட்டுமே.

இதில் வியப்பில்லை. ரயிலில் துண்டு விரித்து இடம் பிடிப்பதைத் தடுப்பது நியாயமே. ஆயினும் நூறு பேருக்குரிய பெட்டியில் முந்நூறு பேர் ஏறினால், துண்டை அகற்றியதால் மட்டும் எல்லோரும் அமர முடியுமா? பெட்டிகளும் கூட வேண்டும்.

மற்றொரு குறையும் உண்டு. பத்து வீடுகளைப் பூட்டி வைத்து வணிகம் செய்தவரும், தம் சிறு வீட்டின் மாடியை விட்டுக் கடனை அடைத்துவந்தவரும் ஒரே விதிக்குள் அகப்பட்டனர். முன்னவரைத் தடுப்பது முறை. பின்னவரை வாட்டுவது முறையன்று.

நம் ஊர்களிலும் இத்தகைய விதி வரலாம். மும்பைப் பரேலில் உள்ள டாடா மெமோரியல் மருத்துவமனைக்கு நோயாளியுடன் வருவோர் வாரக்கணக்கில் தங்க நேர்கிறது. அவர்களுக்கு ஓர் அறை வேண்டும். குடித்தனக்காரருக்கு ஒரு வீடு வேண்டும். இரண்டையும் காக்கும் விதியே நல்ல விதி. அதனுடன் புதிய வீடுகளும் எழ வேண்டும் என்று நாம் வற்புறுத்துவோமாக.