ஃபேன் துடைப்பவன் சோம்பேறியா?

ஸ்டடி ஹாலிடேஸ் சமயத்தில் ஏதாவது ஒரு ஹாஸ்டலுக்குப் போய்ப் பாருங்கள். ஒரு மாதமாகத் துவைக்காத துணியெல்லாம் கொடியில் காயும். ஒருவன் ஸ்டூல் போட்டு ஏறி ஃபேன் துடைத்துக் கொண்டிருப்பான். இன்னொருவன் மேத்ஸ் நோட்ஸை ஜெராக்ஸ் எடுத்து, ஸ்பைரல் பைண்டிங்கும் போட்டு, பெயர் எழுதி வைத்திருப்பான். முதல் பக்கத்தை மட்டும் திறந்திருக்க மாட்டான்.

இவர்களைத்தான் வீட்டில் சோம்பேறி என்கிறார்கள். சோம்பேறி எதுக்குங்க ஃபேன் துடைக்கப் போகிறான்?

தள்ளிப்போடுவது வேறு, சோம்பல் வேறு என்பதுதான் என் கட்சி. வள்ளுவரும் இதைப் பிரித்துத்தான் வைத்திருக்கிறார். மடியின்மை அதிகாரத்தில் 605-வது குறளைப் பாருங்கள். கெட்டுப்போகிறவர்கள் விரும்பும் நான்கில் காலம் தாழ்த்துவது ஒன்று, சோம்பல் இன்னொன்று. (மற்ற இரண்டு மறதி, தூக்கம். அவையும் நம்மிடம் தாராளமாக உண்டு :-))

கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் இதைப் பல வருடங்கள் ஆராய்ந்த உளவியலாளர் டிமோதி பிச்சில், இது நேரத்தைச் சமாளிக்கத் தெரியாத பிரச்சினை அல்ல, மனதைச் சமாளிக்கும் பிரச்சினை என்கிறார். யோசித்தால் சரிதான். புத்தகத்தைத் திறந்ததும் "ஒண்ணுமே புரியலையே" என்று ஒரு பயம் வருகிறதே, அதனிடமிருந்துதான் ஓடுகிறோம்.

ஓடி ஒளியும் இடம்தான் இப்போது மாறிவிட்டது. ஃபேனுக்கு மூன்று இறக்கைதான், துடைத்தால் முடிந்துவிடும். பேப்பருக்குக் கடைசிப் பக்கம் உண்டு. சீரியலில்கூட "தொடரும்" போட்டு நம்மை விட்டுவிடுவார்கள். ஆனால் போனில்? இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கும் ஸ்க்ரோலை 2006-ல் வடிவமைத்தவர் அசா ராஸ்கின். அதற்காகப் பின்னாளில் அவரே வருத்தப்பட்டார். முடிவே இல்லாமல் செய்யப்பட்ட ஒன்றை "இன்னும் அஞ்சே நிமிஷம்" என்று திறந்தால் யார் ஜெயிப்பார்கள்?

அதனால் மன உறுதியை நம்பாதீர்கள், தூரத்தை நம்புங்கள்.

1. படிக்கும்போது போன் அடுத்த அறையில் இருக்கட்டும். ஹாஸ்டல் என்றால் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுங்கள். "நோட்ஸே வாட்ஸப்பில்தானே வருது" என்பீர்கள். பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். அரியர் ஃபீஸைவிட அது மலிவு.

2. "இன்னைக்கு ரெண்டு யூனிட்" என்று சபதம் போடாதீர்கள். பயம் பெரிதாகும். ஒரே ஒரு கணக்கு, அல்லது 25 நிமிடம். 1980-களின் கடைசியில் இத்தாலியில் மாணவராக இருந்த பிரான்செஸ்கோ சிரில்லோ, தக்காளி வடிவ சமையலறை டைமரை வைத்துக்கொண்டு இப்படித்தான் படித்தார். பொமோடோரோ முறை என்ற பெயரும் அந்தத் தக்காளியால் வந்ததுதான். நமக்குச் சுவர்க் கடிகாரம் போதும்.

3. நடுவில் "அந்தப் படத்துக்கு யார் மியூசிக்?" என்று தோன்றினால் ஒரு தாளில் எழுதி வையுங்கள். பரீட்சை முடிந்து தேடலாம், பதில் எங்கேயும் ஓடிப்போகாது.

இதெல்லாம் சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் "நான் சோம்பேறி, என் குணமே இப்படித்தான்" என்று ஒருவன் நம்பிவிட்டால், அதோடு முயற்சியையும் விட்டுவிடுகிறான். ஒரு அரியர் மூன்றாவது அப்படித்தான். தனக்கு இருப்பது பயம்தான் என்று தெரிந்தவன் ஒரு கணக்காவது போட்டுப் பார்ப்பான். ஒன்று போட்டவனுக்கு இரண்டாவது அவ்வளவு பயமாக இருக்காது.

ஃபேனைப் பரீட்சை முடிந்து துடைத்துக் கொள்ளலாம்.