ஒன்பதாம் சிம்ஃபனியின் இருபது பதிவுகள்

மேற்கத்திய செவ்வியல் இசையில் தோய்ந்த நண்பர்கள் கூடினால் ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு ஓர் இரவு முழுவதையும் கழித்துவிட முடியும். பீத்தோவனின் ஒன்பதாம் சிம்ஃபனிக்கு எந்தப் பதிவு சிறந்தது? 1951இல் பைராய்ட்டில் ஃபுர்ட்வெங்லர் நடத்தியதா, 1952இல் டாஸ்கனினி என்.பி.சி. இசைக்குழுவுடன் பதிவு செய்ததா, 1962இல் கரயான் பெர்லினில் பதிவு செய்ததா? மூன்றாம் பகுதியின் வேகத்தைப் பற்றி மட்டும் ஒருவர் அரை மணி நேரம் பேசுவார். அதை மறுக்க இன்னொருவர் ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வார். அதே சபையில் ஷோன்பெர்க் என்றோ வேபெர்ன் என்றோ ஒரு பெயரைச் சொல்லிப் பாருங்கள். ஒற்றை வரியில் தீர்ப்பு வந்துவிடும்: ‘அதில் மெட்டே இல்லையே.’ அதன்மேல் முறையீடு கிடையாது.

இத்தனை நுணுக்கமும் இத்தனை அலட்சியமும் ஒரே செவிக்குள் எப்படிக் குடியிருக்கின்றன? இவை முரண்பட்ட குணங்கள் அல்ல, ஒன்றை ஒன்று வளர்ப்பவை என்பதே நம் கட்சி.

1808 டிசம்பர் 22 அன்று வியன்னாவில், குளிரில் விறைத்துப்போன ஓர் அரங்கில், பீத்தோவன் தம் ஐந்தாம், ஆறாம் சிம்ஃபனிகளை முதன்முதலாக அரங்கேற்றினார். நிகழ்ச்சி ஏறக்குறைய நான்கு மணி நேரம் நீண்டது. ஒத்திகை போதாமையால் இறுதிப் படைப்பு நடுவில் நின்று, மீண்டும் தொடங்க வேண்டியதாயிற்று. வாசிப்பின் தரத்தால் அளந்தால் அது படுதோல்வி. ஆனால் அன்று அமர்ந்திருந்தவர்களுக்கு அடுத்த நொடி என்ன வரும் என்று தெரியாது. நமக்கோ எல்லாம் தெரியும். ஒவ்வொரு சுரமும் மனப்பாடமான பிறகு கேட்பதற்கு எஞ்சுவது, இம்முறை அது எவ்விதம் வேறுபடுகிறது என்பது மட்டுமே. புதிய படைப்பு இருக்க வேண்டிய ஆசனம் காலியாகிறது. அதில் நடத்துநர் வந்து அமர்கிறார். இசைத்தட்டு வணிகத்துக்கும் இது வசதியாகவே இருந்தது. கரயான் மட்டும் பீத்தோவனின் ஒன்பது சிம்ஃபனிகளையும் நான்கு முறை முழுமையாக இசைத்தட்டுக்குப் பதிவு செய்தார்.

நடத்துநரின் பங்கு அற்பமானது என்று நாம் சொல்லவில்லை. இசை செல்லும் திசையை உணர்ந்து வேகத்தை நெகிழ்த்தும் ஃபுர்ட்வெங்லருக்கும், தாளத்தை இறுக்கிப் பிடிக்கும் டாஸ்கனினிக்கும் உள்ள வேறுபாடு உண்மையான வேறுபாடுதான். ஆனால் அது வழிபாடாகும்போது வேடிக்கைகளும் நிகழ்கின்றன. இசை அந்த அரங்கில் அந்தக் கணத்தில் மட்டுமே நிகழக்கூடியது என்று நம்பி ஒலிப்பதிவை வெறுத்தவர் செலிபிடாக்கே. 1996இல் அவர் மறைந்தபின் வெளிவந்த ஒலிப்பதிவுகளை, நிமிடக் கணக்கையும் வினாடிக் கணக்கையும் குறித்துவைத்து ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள் அவருடைய பக்தர்கள்.

இதனினும் பெரிய வேடிக்கை, வழிபடப்படும் தெய்வங்களின் வரலாறு பக்தர்களுக்கே தெரியாமல் இருப்பது. ஷோன்பெர்க்கின் ‘இசைக்குழுவுக்கான மாறுபாடுகள்’ என்னும் பன்னிரு சுரப் படைப்பை 1928 டிசம்பரில் பெர்லினில், அரங்கின் எதிர்ப்புக்கிடையே, முதன்முதலாக நடத்தியவர் வேறு யாருமல்ல, ஃபுர்ட்வெங்லர்தான். அதே படைப்பை 1970களில் பதிவு செய்த கரயான், ஒவ்வொரு மாறுபாட்டுக்கும் வாத்தியக்காரர்களின் இருக்கைகளை மாற்றியமைத்துப் பதிந்தார். பெர்க், வேபெர்ன் படைப்புகளும் அத்தொகுப்பில் உண்டு. பெர்க்கின் ‘வோட்செக்’ இசை நாடகத்தை 1931இல் அமெரிக்காவுக்கு அறிமுகம் செய்தவர் ஸ்டோகோவ்ஸ்கி. அந்த உன்னதச் செவிகளை நம்புவோர், அச்செவிகள் எதைக் கேட்டன என்று விசாரிக்க வேண்டாமா?

எதிர்த்தரப்பும் சுத்தமானதல்ல. பன்னிரு சுர முறையின் அவசியத்தை உணராத இசைக்கலைஞன் பயனற்றவன் என்று 1952இல் எழுதினார் இளம் பியர் பூலெஸ். அது மடாதிபதியின் குரல். நவீன இசையை வெறுப்பவர்களிடம், 1938இல் டுஸ்ஸல்டார்ஃபில் நாஜிகள் நடத்திய ‘சீரழிந்த இசை’ கண்காட்சியை நினைவூட்டி வாயடைப்பவர்களும் உண்டு. பிடிக்கவில்லை என்று சொல்லும் ஒரு சாதாரண ரசிகரை அந்தக் கூட்டத்தோடு சேர்ப்பது அநியாயம். பூலெஸுக்குக் காலம் தன் வழியில் பதில் சொன்னது. பின்னாளில் அவர் புகழ்பெற்ற நடத்துநரானார். அவர் நடத்திய மாலரையும் டெபுஸ்ஸியையும் தேடித்தேடி வாங்குவோரில் எத்தனை பேர் அவர் இயற்றியவற்றில் ஒன்றையேனும் கேட்டிருப்பார்கள்!

‘மெட்டு இல்லை’ என்ற குற்றச்சாட்டுக்கு வருவோம். நாமும் ஒரு காலத்தில் அதைச் சொன்னவர்களே. நம் மனத்தை மாற்றியது எந்தக் கோட்பாடும் அன்று. ஆல்பன் பெர்க் 1935இல், பதினெட்டு வயதில் இறந்துபோன மனோன் க்ரோப்பியஸின் நினைவாக எழுதிய வயலின் கான்செர்ட்டோ. முதல் முறை கேட்டபோது மூட்டமாக இருந்தது. இரண்டாம் முறையும் அப்படியே. நான்காவது முறையோ ஐந்தாவது முறையோ, இறுதிப் பகுதியில் பாஹின் பழைய தேவாலயப் பண் ஒன்று அந்த மூட்டத்துக்குள்ளிருந்து எழுந்து வந்தது. அது வெளியிலிருந்து ஒட்டப்பட்டதன்று. பெர்க் வகுத்துக்கொண்ட பன்னிரு சுர வரிசையின் கடைசி நான்கு சுரங்களின் நடையும் அப்பண்ணின் தொடக்க நடையும் ஒன்றே. தொடக்கம் முதல் அது அங்கேயே இருந்திருக்கிறது. நம் செவிதான் இல்லை. அந்த மாலையில் வெகுநேரம் விளக்கைப் போடாமல் அமர்ந்திருந்தோம்.

சிற்றிதழ் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1959இல் ‘எழுத்து’ தொடங்கி, அதில் புதுக்கவிதை வேர்பிடித்தபோது, யாப்பு இல்லை, ஓசை இல்லை, புரியவில்லை என்று எழுந்த கூச்சலை எதிர்த்து நின்றவர்களின் வாரிசுகள் நாம். கவிதையில் நகுலனுக்கும் பிரமிளுக்கும் மறுவாசிப்பைக் கொடுத்தவர்கள், இசையில் மட்டும் முதல் கேட்பிலேயே தீர்ப்பெழுதுவது என்ன நியாயம்?

மறுமுறை கேட்பதன் தேவையை ஷோன்பெர்க் அறிந்திருந்தார். 1913 மார்ச் 31 அன்று வியன்னாவில் அவர் நடத்திய கச்சேரி, பெர்க்கின் பாடல்களின்போது அடிதடியாகி நின்றுபோனது. இறுதியில் பாடப்படவிருந்த மாலரின் பாடல்களும் அதனால் ஒலிக்காமலே போயின. ஐந்தாண்டுகளுக்குப் பின் 1918இல் அவர் தனிப்பட்ட இசை நிகழ்ச்சிகளுக்கென ஒரு சங்கத்தை அமைத்தார். நிகழ்ச்சி நிரல் முன்கூட்டி அறிவிக்கப்படாது. கைதட்டலும் கூடாது, சீழ்க்கையும் கூடாது. விமர்சகர்களுக்கு அனுமதி இல்லை. கடினமான படைப்புகள் திரும்பத் திரும்ப வாசிக்கப்படும். தொடக்க காலத்தில் தம் சொந்தப் படைப்புகளை அவர் அங்கே இடம்பெறச் செய்யவில்லை. டெபுஸ்ஸியும் ரேகரும் ஒலித்தார்கள். பணமின்மையால் 1921இல் சங்கம் முடிந்துபோனது.

வேபெர்னின் பத்தாம் எண் படைப்பில் நான்காவது துண்டு ஆறே அளவுகள் கொண்டது. அரை நிமிடம்கூட ஆகாது. ஒன்பதாம் சிம்ஃபனிக்கு இருபது பதிவுகள் வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் அந்த இசைத்தட்டைக் கொடுத்து, பத்து முறை கேளுங்கள், ஐந்து நிமிடம் போதும் என்றோம். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“யார் நடத்தியது?” என்றார்.