இடம்பெயர்ந்த கல் சான்றாகாது

தமிழினத்தின் தொன்மையை மேடைதோறும் முழங்குவோர் பலர். அத்தொன்மைக்குரிய சான்று எங்கே கிடக்கின்றது, எவ்வாறு அளக்கப்படுகின்றது என்று கேட்டறிவோர் சிலரே. தாம்பரத்திலிருந்து பரங்கிமலை வரை இருப்புப்பாதையின் மருங்கில் நிற்கும் குன்றுகளை நாள்தோறும் கடந்து செல்கின்றோம். அக்கல்லையும் அதனடி மண்ணையும் ஏடாகக் கொண்டு படிக்கும் அறிவியல் ஒன்று உண்டு. அதனைத் தொல்காந்தவியல் என்போம்.

கல்லினுள் இரும்புக் கனிமத்தின் நுண்துகள்கள் உள்ளன. எரிமலைக் குழம்பு ஆறி, ஏறத்தாழ 580 பாகை வெப்பத்திற்குக் கீழே இறங்குங்கால், அத்துகள்கள் அன்றைய நிலக்காந்தம் காட்டிய திசையிலேயே காந்தமேறி நிலைத்துவிடுகின்றன. நீரடியில் படியும் வண்டலும் அவ்வாறே திசையைப் பதித்துக்கொள்கின்றது. நிலநடுக்கோட்டில் தோன்றிய கல்லில் அத்திசை கிடையாக இருக்கும். முனையை நெருங்க நெருங்கச் சாய்வு மிகும். ஆகவே, சாய்வை அளந்து அக்கல் தோன்றிய அகலக்கோட்டை அறியலாம். நிலக்காந்தம் பலமுறை தலைகீழாகப் புரண்டதும் உண்டு. 1906இல் பிரான்சு நாட்டுப் பெர்னார்டு புரூனும், 1929இல் சப்பானிய அறிஞர் மத்துயாமாவும் இதனைக் கற்களிற் கண்டு உரைத்தனர். இறுதிப் புரள்வு ஏறத்தாழ 7,80,000 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது. தலைகீழ்க் காந்தம் காட்டும் படிவு, பொதுவாக அதற்கும் முற்பட்டது.

இவ்வளவை நமக்கு வாய்த்த இரண்டு இடங்களில் பொருத்திப் பார்ப்போம். 1863 மே 30ஆம் நாள், இராபர்ட்டு புரூசு பூட்டு என்னும் நிலவியலறிஞர் பல்லாவரத்தில், சரளை அகழ்ந்த குழியருகே, பழைய கற்கால மாந்தனின் கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்லாய்வுக்கு வாயில் திறந்த கல் அது. ஆனால், தான் புதைந்திருந்த படிவினின்று பெயர்த்தெறியப்பட்டுக் கிடந்தமையால், அதன் அகவையைக் காந்தத்தால் அளத்தல் இயலாது. அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் கொற்றலையாற்றுப் படுகையிலுள்ள அத்திரம்பாக்கத்தில் அத்தகைய கருவிகளைக் கண்டனர். அங்கே படிவுகள் குலையாமல் இருந்தன. சாந்தி பப்பு அம்மையாரும் அவர்தம் குழுவினரும் அவற்றை அடுக்கடுக்காக அகழ்ந்தனர். கருவி கிடந்த அடிப்படிவுகள் தலைகீழ்க் காந்தம் காட்டின. கல்லில் விண்கதிர் விளைத்த அலுமினியம், பெரிலியம் அளவுகளும் அதற்கு ஒத்துநின்றன. அக்கருவிகள் 10,70,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்றும், சராசரி அகவை ஏறத்தாழ 15,10,000 ஆண்டுகள் என்றும் 2011இல் அவர்கள் வெளியிட்டபோது உலகம் ஏற்றுப் போற்றியது. பல்லாவரத்துக் கல் வாய் திறவாமைக்கும் அத்திரம்பாக்கத்துக் கல் பேசியதற்கும் வேறுபாடு ஒன்றே: இது தன்னிடத்தில் இருந்தது.

அக்கருவி செய்தோரைத் தமிழர் என்று கூறிவிடாதீர். அவர்கள் நம்மினும் முந்திய மாந்த வகையினர். அவர்தம் மொழியைப் பற்றி எந்தக் கல்லும் சான்று கூறவில்லை.

குமரிக்கண்டம் பற்றிய பேச்சிலும் இவ்வரம்பு வேண்டும். இலெமூரியா என்னும் கண்டம், தேவாங்கை ஒத்த விலங்குகளின் பரவலை விளக்க 1864இல் இசுக்கிலேட்டர் என்பார் கருதிக்கொண்டது. பின்னர் 1950களில் தக்காணத்து எரிமலைப் பாறைகளின் காந்தச் சாய்வை அளந்தனர். ஏறத்தாழ 6 கோடியே 60 இலக்கம் ஆண்டுகளுக்கு முன், அப்பாறைகள் நடுக்கோட்டிற்குத் தெற்கே ஏறத்தாழ 30 பாகையில் தோன்றியவை என்பது விளங்கிற்று. இன்று மும்பை வடக்கே 19 பாகையில் உள்ளது. நாடே மிதந்து வந்துள்ளது! 1963இல் வைனும் மாத்தியூசும் இந்தியப் பெருங்கடலின் காரல்சுபர்க்கு முகட்டில் கண்ட காந்த வரிகள், கடற்றரை புதிதாகத் தோன்றி இருமருங்கும் விலகுவதை உணர்த்தின. அங்கே பெருங்கண்டம் ஒன்று மூழ்கியது என்பதற்கு இடமில்லை. ஆயினும் கடற்கோள் நினைவைப் பொய்யென்று தள்ளவேண்டுவதுமில்லை. பனியூழி உச்சத்தில், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. ஈழமும் தமிழகமும் தரையால் இணைந்திருந்தன. கடல் கொண்ட கரைநிலத்தை அங்கே தேடுக. அளவிறந்து கூறுவோர், மெய்யான தொன்மையையும் மாற்றார் நகைக்க இடந்தருகின்றனர்.

இனி, செய்யவேண்டுவன. பரங்கிமலைப் பாறையை இந்திய நிலவியல் ஆய்வுத்துறை நாட்டு நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவித்துள்ளது. ஆனால் பல்லாவரம், திரிசூலம் பக்கத்துக் குன்றுகள் உடைபட்டுக் குழிகளாயின. காந்த ஆய்வுக்குக் கல் எடுப்போர், பெயர்க்குமுன் அதன்மீது வடதிசையைக் குறித்துக்கொள்வர். வெடித்துச் சல்லியாக்கிய கல்லில் எவர் திசை குறிப்பது? எஞ்சிய குன்றுகளையும், அவற்றின் அடிவாரப் படிவுகளையும் அரசு காத்தல் வேண்டும்.

அடுத்து, பெயர். அக்குன்றுகளின் கல் உலக நூல்களில் சார்னோக்கைட்டு என வழங்குகின்றது. கல்கத்தாவில் புதையுண்ட கும்பெனி அலுவலர் சாபு சார்னாக்கின் கல்லறைக் கல்லைக் கொண்டு ஆலந்து என்பார் இட்ட பெயர் அது. நம் நிலத்தை நாம் படிக்காதபோது பிறர் படித்தனர், படித்தவர் பெயரிட்டனர். மறைமலையடிகள் வாழ்ந்த பல்லாவரத்தில் பிறக்கும் பிள்ளை, தன் தெருக்கோடியிலுள்ள கல்லின் வரலாற்றைத் தமிழிலேயே கற்கவேண்டாவா? காந்தச் சாய்வு, காந்தப் புரள்வு, கண்டப்பெயர்ச்சி என்னும் சொற்கள் பாடநூலில் ஏறுக. ஆசிரியர் அவற்றை விளக்குக.

தொன்மையை வாயால் பெருக்குவதினும் அளந்து நிறுவுவதே இனத்திற்கு அரண். அளப்பதற்கு முதற்கண் மண் தன்னிடத்தில் இருத்தல் வேண்டும்.