புலிக்கு வகுத்த எல்லை தவளைக்குப் போதுமா?

களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் மூங்கில் புதர்களில் விரல்நுனி அளவே உள்ள ஒரு தவளை வாழ்கிறது. 1876-இல் அறிவியலுக்கு அறிமுகமான இந்த வெண்புள்ளிப் புதர்த்தவளை, அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஆய்வாளர் எவர் கண்ணிலும் படவில்லை. மறுபடி கண்டறியப்பட்ட செய்தி 2011-இல்தான் வந்தது. அதன் குடும்ப வாழ்க்கை வியப்பூட்டுவது. நிற்கும் மூங்கிலில் ஏற்கெனவே இருக்கும் சிறு துளை வழியே புகுந்து, இரு கணுக்களுக்கு நடுவிலுள்ள வெற்றிடத்தில் முட்டையிடுகிறது. தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. முட்டையிலிருந்து நேரே தவளைக்குஞ்சு வருகிறது. அதுவரை தந்தைதான் காவல். ஆய்வாளர்கள் ஆண் தவளையை அகற்றிப் பார்த்தபோது, காவலிழந்த முட்டைகள் தப்புவது வெகுவாகக் குறைந்தது. அவற்றைத் தின்றவற்றுள் அதே இனத்தின் வேறு ஆண்களும் உண்டு.

இந்தத் தவளையைக் காக்க, காட்டைச் சுற்றி எல்லைக்கோடு போட்டால் மட்டும் போதாது. துளை விழுந்த மூங்கில் நிற்க வேண்டும். புலியைக் காத்தால் காடு பிழைக்கும், காடு பிழைத்தால் தவளையும் பிழைக்கும் என்பது வனத்துறையின் பழைய வாதம். அதில் பாதி உண்மை. புலிகள் காப்பகம் என்ற தகுதி இல்லையென்றால் மேற்குத் தொடர்ச்சி மலையில் எவ்வளவோ நிலம் தோட்டங்களாகவும் அணைகளாகவும் மாறியிருக்கும். ஆனால் புலியின் தேவை வேறு, தவளையின் தேவை வேறு. கோடையில் மான்களுக்கு நீர் தேக்கவென்று ஓடையில் கட்டும் தடுப்பணை புலிக்கு மறைமுகமாக நல்லது. இம்மலையின் இன்னொரு தவளையான ஊதாத்தவளையின், ஓடும் நீரில் பாறையைப் பற்றிக்கொண்டு வளரும் தலைப்பிரட்டைக்கோ அதே அணையால் வாழிடம் போய்விடும். மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில், திருவில்லிபுத்தூர்க் காட்டிலிருந்து ஊதாத்தவளையின் இன்னோர் இனம் 2017-இல்தான் விவரிக்கப்பட்டது. முதலில் சாம்பல் நிற அணிலுக்காகச் சரணாலயமான அக்காடு, 2021-இல் புலிகள் காப்பகமும் ஆயிற்று. அங்குள்ள தவளையின் தேவை என்ன என்பது இனியாவது நிர்வாகத் திட்டத்தில் இடம்பெற வேண்டும்.

ஆளும் பணமும் இல்லை என்பார்கள். புலிகளை நாடு முழுவதும் 4 ஆண்டுக்கு ஒருமுறை கணக்கெடுக்க நம்மால் முடிகிறது. தவளைக்கு அவ்வளவு செலவு தேவையில்லை. ஒவ்வோர் இனத்துக்கும் தனிக்குரல் உண்டு; மழைக்கால இரவுகளில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்தாலே எது இருக்கிறது, எது ஒலிக்காமல் போனது என்று தெரிந்துவிடும். காட்டை நன்கறிந்த காணிப் பழங்குடி மக்களையும் வேட்டைத் தடுப்புக் காவலர்களையும் ஊதியத்துடன் இதில் சேர்க்கலாம். மூங்கில் வெட்டிப் பிழைப்பவர்களின் வயிற்றில் அடிப்பதா என்ற கேள்வி இதைவிடக் கனமானது. அதைத் தள்ளிவிடக் கூடாது. காப்பகத்துக்கு வெளியே மூங்கில் வெட்டும் இடங்களில் முழுத் தடை தேவையில்லை. தவளைகள் முட்டையிடும் மாதங்களில் வெட்டாதிருப்பதும், துளை விழுந்த தண்டுகளை விட்டுவைப்பதும் போதுமான தொடக்கம். எந்த மாதம் என்பதை இடத்துக்கு இடம் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். ஊதாத்தவளையையே பாருங்கள்: கேரளப் பக்கத்து இனம் தென்மேற்குப் பருவமழையில் இணைசேர, கிழக்குச் சரிவிலுள்ள இனம் வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருக்கிறது. மலை முழுவதற்கும் ஒரே நாட்காட்டியை வைத்துச் சுற்றறிக்கை அனுப்பினால் இரண்டில் ஒன்று நிச்சயம் விடுபட்டுப் போகும்.