சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே

ட்ரோன் பறப்பதற்கு முன்பு ஊருக்குள் சுண்ணாம்புக் கோடு போடுகிறார்கள். இது என் மனை, அது உன் மனை என்று வீட்டுக்காரர்களே வருவாய்த்துறை ஊழியர்களின் முன்னிலையில் காட்ட, தரையில் வெள்ளைக் கோடு இழுக்கப்படுகிறது. மேலிருந்து எடுக்கப்படும் படத்தில் அந்தக் கோடுதான் எல்லையாகப் பதிகிறது. அதிலிருந்து வரைபடமும், வரைபடத்திலிருந்து சொத்து அட்டையும் பிறக்கின்றன. கிராமக் குடியிருப்பு நிலங்களுக்காக ஒன்றிய அரசு 2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கிய ‘ஸ்வாமித்வா’ திட்டம் இப்படித்தான் நடைபெறுகிறது. உத்தரப் பிரதேசத்தில் ‘கரௌனி’, மகாராஷ்டிரத்தில் ‘சனத்’, மத்தியப் பிரதேசத்தில் ‘அதிகார் அபிலேக்’ என்று மாநிலத்துக்கு மாநிலம் பெயர் மாறுகிறது. 2025 ஜனவரி 18 அன்று மட்டும் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிராமங்களில் 65 லட்சம் அட்டைகளைப் பிரதமர் வழங்கியதாக அரசு அறிவித்தது.

தலைமுறை தலைமுறையாகப் பண்ணையாரின் நிலத்தில் குடிசை போட்டு வாழும் தலித் குடும்பத்தின் வாசலில் அந்தச் சுண்ணாம்புக் கோட்டை இழுப்பவர் யார்? அக்குடும்பமா, பண்ணையாரா? படம் பிழையின்றி எடுக்கப்படும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் தரையில் போடப்பட்ட கோட்டைத்தான் படம் எடுக்க முடியும்.

இன்று நாடு முழுவதும் நில நிர்வாகம் ஒரே திசையில் நகர்கிறது. விதிப்படி அளந்து வரையப்பட்ட படம் இருந்தால்தான் பத்திரம், பத்திரம் இருந்தால்தான் உரிமை என்பதே அத்திசை. கர்நாடகத்தில் ஒரு சர்வே எண்ணின் ஒரு பகுதியை விற்க வேண்டுமானால் ‘11இ’ எனப்படும் முன்வரைபடம் இல்லாமல் பதிவு நடவாது. தெலங்கானாவில் 2025 ஏப்ரல் 14 அன்று நடைமுறைக்கு வந்த ‘பூ பாரதி’ சட்டம், பத்திரத்துடன் நில அளவை வரைபடத்தை இணைப்பதற்கு வழி செய்கிறது. நகரங்களுக்கென ‘நக்‌ஷா’ என்ற திட்டம் 2025 பிப்ரவரியில் 152 நகர உள்ளாட்சிகளில் சோதனை முறையில் தொடங்கப்பட்டது. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தை நீக்கிவிட்டுப் புதிய சட்டம் கொண்டுவர ஒன்றிய அரசின் நிலவளத் துறை 2025 மே மாதத்தில் மசோதா ஒன்றையும் வெளியிட்டது.

வரைபடத்தை நாம் எதிர்க்கவில்லை. கிழக்கே இன்னார் நிலம், வடக்கே வாய்க்கால், தெற்கே புளியமரம் என்று எழுதப்பட்ட செக்குபந்தியை நம்பிப் பணம் கொடுத்து ஏமாந்தவர்களில் பெரும்பாலோர் ஏழைகளே. மரம் வெட்டப்பட்டு, வாய்க்கால் தூர்ந்துபோன பிறகு அந்த எல்லை யாருடைய நாவில் இருக்கிறதோ அவருடையதாகிறது. ஒரே நிலத்தை இருவருக்கு விற்பதும், புறம்போக்கைப் பட்டா நிலத்துடன் சேர்த்து எழுதிவிடுவதும் துல்லியமான வரைபடம் இருந்தால் கடினமாகும். நிலச்சீர்திருத்தம் கோருகின்ற எந்த இயக்கமும் உச்சவரம்புக்கு மேல் மறைத்து வைக்கப்பட்ட நிலத்தைக் கண்டறிய வரைபடத்தையே நாடியிருக்கிறது. ஆகவே படம் வேண்டுமா வேண்டாமா என்பதல்ல விவாதம். அதை வரையும் செலவு யாருடையது, மெய்ப்பிக்கும் சுமை யார் தலையில் விழுகிறது, படத்தில் காட்டப்படாதவர்களின் கதி என்ன என்பவையே நம் முன்னுள்ள கேள்விகள்.

வெள்ளையர் இயற்றிய 1908ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21ஆவது பிரிவை இன்று எடுத்துப் படிப்பது பயனுள்ளது. பதிவுக்கு வரும் பத்திரம் சொத்தை அடையாளம் காணப் போதுமான விவரத்தைக் கொண்டிருக்க வேண்டும் என்கிறது அது. நிலத்தின் பரப்பு, அடுத்துள்ள சாலைகள், அண்டை நிலங்கள் ஆகியவற்றுடன் அப்போது அந்நிலத்தை அனுபவித்து வருபவர்கள் யார் என்பதையும் குறிப்பிடக் கோருகிறது. அரசு வரைபடத்தைச் சுட்டுவது இயன்றவரை என்றுதான் சொல்லப்பட்டிருக்கிறது. இவ்விவரங்களில் குறை இருந்தாலும், சொத்தை அடையாளம் காண முடியுமானால் பதிவை மறுக்க வேண்டியதில்லை என்று அடுத்த பிரிவு இளக்கம் காட்டுகிறது. அதே சட்டத்தின் வரையறையில் ‘குத்தகை’ என்ற சொல், நிலத்தைப் பயிரிடுவதாக எழுதிக் கொடுக்கும் உறுதிமொழியையும் உள்ளடக்கியது. காலனிய அரசின் நோக்கம் வரி வசூல்தான். அதன் மீது நமக்கு மயக்கம் எதுவுமில்லை. ஆயினும் நிலத்தில் இருப்பவன் யார் என்று கேட்க வேண்டும் என்ற அளவுக்கேனும் அதற்குத் தெரிந்திருந்தது.

புதிய முறைகள் அந்தக் கேள்வியையே கைவிட்டு வருகின்றன. தெலங்கானாவில் முந்தைய ஆட்சி 2020இல் கொண்டுவந்த ‘தரணி’ இணையதளம் இதற்குச் சான்று. பழைய பதிவேட்டில் நிலத்தை அனுபவிப்பவருக்கென்று ஒரு நிரல் இருந்தது. ‘தரணி’யில் அது இல்லாமற்போனது. உரிமையாளர் பெயர் மட்டுமே மிஞ்சியது. ‘ரைத்து பந்து’ உதவித்தொகையும் பட்டாதாரரின் வங்கிக் கணக்குக்கே சென்றது. கடன் வாங்கிப் பருத்தி பயிரிட்ட குத்தகை விவசாயி அரசின் கணக்கில் விவசாயியே அல்லர். அவர் தற்கொலை செய்துகொண்டால் அக்குடும்பம் இழப்பீடு கேட்கப் போகும்போதுகூட முதலில் கேட்கப்படுவது பட்டாதான். பதிவேட்டில் ஒரு நிரலை அழிப்பது எழுத்தர் வேலை போலத் தோன்றும். அதற்குள் ஒரு வர்க்கத்தின் இருப்பே அழிந்துபோகிறது.

செலவையும் பார்க்க வேண்டும். தந்தை இறந்து பல ஆண்டுகளாகியும் பிரிக்கப்படாத ஒரு நிலம், நான்கு வாரிசுகள், ஒருவர் சூரத்தில், ஒருவர் கேரளத்தில் கூலி வேலை. மகளின் திருமணத்துக்காக ஒருவர் தன் பங்கை விற்க வேண்டியிருக்கிறது. முதலில் உட்பிரிவு செய்ய வேண்டும். அதற்கு மற்ற மூவரும் கையெழுத்திட வேண்டும், அண்டை நிலத்தார் அளவையின்போது உடனிருக்க வேண்டும், அரசு சர்வேயருக்காகக் காத்திருக்க வேண்டும் அல்லது உரிமம் பெற்ற அளவருக்குக் கட்டணம் செலுத்த வேண்டும். நூறு ஏக்கர் வாங்கும் நிறுவனத்துக்கு இது ஒரு பொருட்டல்ல. அதனிடம் சொந்தமாக அளவர் உண்டு, வழக்கறிஞர் உண்டு. அரை ஏக்கர்க்காரருக்கோ இது ஒரு பருவத்தின் கூலி. அவர் என்ன செய்வார்? வெள்ளைத்தாளில் எழுதி விற்பார். வாங்குபவரும் ஏழையாக இருப்பார். இருவருமே சட்டத்துக்கு வெளியே போய்விடுவார்கள். தலைநகர் தில்லியின் அங்கீகாரமற்ற குடியிருப்புகள் இவ்வாறு உருவானவைதாம். பொது அதிகாரப் பத்திரத்தின் மூலம் நடக்கும் விற்பனை உரிமை மாற்றமாகாது என்று உச்சநீதிமன்றம் 2011இல் கூறியது. அப்பத்திரங்களை ஏற்பதற்கென்றே 2019இல், சட்டமன்றத் தேர்தல் நெருங்கிய வேளையில், தனிச்சட்டம் இயற்ற நேர்ந்தது. அதன் பிறகும் மனையின் புவியிடக் குறியீட்டுடன் கூடிய அளவையும் ஆவணச் சங்கிலியும் இருந்தால்தான் உரிமைப் பத்திரம் கிடைக்கும்.

பீகாரின் அனுபவம் இன்னும் கசப்பானது. 2024 ஆகஸ்டில் மாநிலம் தழுவிய சிறப்பு நில அளவை முடுக்கிவிடப்பட்டபோது பஞ்சாபிலும் குஜராத்திலும் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் ரயிலேறி ஊருக்கு ஓடினார்கள். சுய அறிவிப்புப் படிவம் வேண்டும், வம்சாவளிப் பட்டியல் வேண்டும், பழைய ஆவணங்கள் வேண்டும். அவற்றில் பல, இன்று வாசிக்கத் தெரிந்தவர் அரிதாகிவிட்ட கைத்தி எழுத்தில் உள்ளன. தாத்தா பெயரிலுள்ள நிலத்துக்கு வம்சாவளி எழுதும்போது மகள்களின் பெயர்கள் விடுபட்டுப்போகும் ஆபத்து வேறு. நிலமே இல்லாதவருக்கு இந்த அளவையில் எழுதித் தர ஒன்றுமில்லை. 1947ஆம் ஆண்டின் குடிமனைச் சட்டப்படி ‘பர்ச்சா’ பெற்றவர்களில் பலரிடம் காகிதம் இருக்கிறது, மனை இல்லை. மனையில் இருப்பவர்களில் பலரிடம் காகிதம் இல்லை.

அதே மாநிலம் 2019இல் பதிவு விதிகளைத் திருத்தி, விற்பவர் பெயரில் ஜமாபந்தி இருந்தால்தான் பத்திரப்பதிவு என்றது. 2025 நவம்பரில் உச்சநீதிமன்றம் அவ்விதிகளை ரத்து செய்தது சரியே. பதிவு அலுவலர் ஆவணத்தைப் பதிபவர். உரிமையைத் தீர்ப்பவர் அல்லர். தமிழ்நாட்டின் பதிவு விதி ஒன்றை அதே ஆண்டு ஏப்ரலில் ரத்து செய்தபோதும் நீதிமன்றம் இதையே சொன்னது. ஆனால் பீகார் வழக்கின் தீர்ப்பில் ‘பிளாக்செயின்’ தொழில்நுட்பத்தைப் பரிசீலிக்குமாறு கூறப்பட்டிருப்பதைக் கொஞ்சம் நிதானித்தே அணுக வேண்டும். எவராலும் திருத்த முடியாத பதிவேடு என்பதே அதன் சிறப்பாகச் சொல்லப்படுகிறது. முதற்பதிவிலேயே குத்தகையாளரும் விதவையும் விடுபட்டிருந்தால், திருத்த முடியாமை யாருக்குச் சாதகம்? இறுதி உரிமை வழங்குவதாகச் சொல்லி ஆந்திரத்தில் கொண்டுவரப்பட்ட 2022ஆம் ஆண்டு நில உரிமைச் சட்டம், சிவில் நீதிமன்றத்தின் கதவையே சாத்தப் பார்த்தது. அது தேர்தல் பிரச்சினையாகி 2024இல் நீக்கப்பட்டது. நிலச் சந்தைக்குத் தடையற்ற உரிமைப் பத்திரங்கள் தேவை. எதிர்ப்புக் குரல்களோடு வரும் நிலம் அச்சந்தையில் விலைபோவதில்லை. நிதி ஆயோக் இப்படியொரு மாதிரிச் சட்டத்தை முன்வைத்ததன் பொருளாதாரம் இதுவே.

வேறு வழி இல்லை என்பது பொய். வன உரிமைச் சட்டத்தின் விதிகளில் 2012இல் செய்யப்பட்ட திருத்தம், செயற்கைக்கோள் படம் பிற சான்றுகளுக்குத் துணையாகலாமே தவிர அவற்றின் இடத்தைப் பிடிக்கக் கூடாது என்கிறது. குஜராத்தில் செயற்கைக்கோள் படத்தைக் காட்டி ஆதிவாசிகளின் மனுக்களைத் தள்ளுபடி செய்த பிறகு, அம்மாநில உயர்நீதிமன்றமும் அப்படத்தை மட்டும் நம்பக்கூடாது என்று கூற வேண்டியிருந்தது. ஊர்ப் பெரியவரின் வாய்மொழியும், பழைய கிணறும், இடுகாடும் அங்கே சான்றுகள்.

இதைவிடப் பெரிய முன்னுதாரணம் மேற்கு வங்கத்தில் இருக்கிறது. 1978இல் தொடங்கிய ‘ஆபரேஷன் பர்கா’வில் எந்தப் பங்குச் சாகுபடியாளரிடமும் படம் கேட்கப்படவில்லை. அதிகாரிகள் மாலை வேளைகளில் சேரிக்கே சென்று உட்கார்ந்தார்கள். பெயர்கள் எல்லோர் முன்பும் எழுதப்பட்டன, பிறகு வயலில் சரிபார்க்கப்பட்டன, ஆட்சேபம் கேட்கப்பட்டது. 14 லட்சத்துக்கும் மேற்பட்ட பர்காதார்களின் பெயர்கள் பதிவேட்டில் ஏறின. இதைச் சாத்தியமாக்கியது, அதற்கு முந்தைய ஆண்டில் செய்யப்பட்ட சட்டத் திருத்தம். பிறர் நிலத்தில் பயிரிடுபவர் பர்காதார் என்றே கொள்ளப்படுவார், இல்லை என்றால் நிலவுடைமையாளர்தான் மெய்ப்பிக்க வேண்டும் என்று அது சுமையைத் திருப்பி வைத்தது. அந்தப் பணியில் முன்னின்ற அதிகாரி தே. பந்தோபாத்யாயவைத்தான் பீகார் அரசு 2006இல் தன் நிலச்சீர்திருத்த ஆணையத்துக்குத் தலைவராக்கியது. பங்குச் சாகுபடியாளரைப் பாதுகாக்கச் சட்டம் தேவை என்று 2008இல் அவர் பரிந்துரைத்தார். நிலவுடைமையாளர்கள் கூக்குரலிட்டனர், நிதிஷ்குமார் அரசு அறிக்கையைக் கிடப்பில் போட்டது. சட்டத்தைக் கிடப்பில் போட்டுவிட்டு இன்று அளவைச் சங்கிலியுடன் வருபவர்களை எந்த நம்பிக்கையுடன் வரவேற்பது?

பதிவுக்கு வரைபடத்தைக் கட்டாயமாக்கும் அரசே சிறு, குறு விவசாயிகளுக்கும் மனைப்பட்டா பெற்றவர்களுக்கும் அதைத் தன் செலவில் வரைந்து தர வேண்டும். அதுவரை படம் இல்லை என்ற காரணத்தால் எந்த ஏழையின் பத்திரமும் திருப்பி அனுப்பப்படக் கூடாது. பயிரிடுபவரின் நிரல் எல்லா மாநிலப் பதிவேடுகளிலும் மீண்டும் இடம்பெற வேண்டும். வாய்மொழிக் குத்தகையைப் பதிவதற்கு எளிய, கட்டணமற்ற வழி வேண்டும். சொத்து அட்டையில் மனைவியின் பெயரும் சேர வேண்டும். தலித் குடியிருப்புகள் இருக்கும் மனையை, அது யார் பெயரில் இருந்தாலும், முதலில் கையகப்படுத்தி அவர்களுக்கு வழங்கிய பிறகே அங்கு அளவை நடக்க வேண்டும். 1908ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வரும் எந்த மசோதாவும் இவற்றை விட்டுவிட்டு, ஆதாரையும் இணைய வழியையும் மட்டும் பேசுமானால் நாடாளுமன்றத்தில் இடதுசாரி உறுப்பினர்கள் அதை எதிர்ப்பார்கள்.

ஆனால் நாடாளுமன்றம் கூடும் வரை ட்ரோன் காத்திருக்காது. வரைவுப் படம் கிராமத்தில் ஒட்டப்பட்டு, ஆட்சேபத்துக்கென்று கொடுக்கப்படும் நாள்கள் சொற்பம். அந்நாள்களில் அப்படத்தின் முன் நிற்பவர்கள் பெரும்பாலும் நிலம் உள்ளவர்களே. விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் தோழர்களும் விவசாயிகள் சங்கத்தின் தோழர்களும் அப்படத்தைக் கிராம சபையில் விரித்து வைத்து ஒவ்வொரு மனையாக உரக்கப் படிக்கச் செய்ய வேண்டும். விடுபட்ட பெயர்களுக்கு அன்றே மனு எழுத வேண்டும். கொடுத்த மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பக் கூடாது.