சந்தையில் தெரியும் ஊர்



வெளிநாடு சென்று திரும்பியவரிடம் நாம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இரண்டு. "என்னென்ன பார்த்தீர்கள்?" என்பது ஒன்று, "என்ன வாங்கி வந்தீர்கள்?" என்பது மற்றொன்று. "யாரைப் பார்த்தீர்கள்?" என்று கேட்போர் மிக அரிது. வானளாவிய கட்டடங்களை நிழற்படத்திலேயே கண்டுவிடலாம். ஆனால் ஓர் ஊரார் எதை உண்கிறார்கள், எப்படி விலை பேசுகிறார்கள், அயலாரிடம் எவ்வாறு நடந்துகொள்கிறார்கள் என்பவற்றை அறிய வேண்டுமானால் அவ்வூர்ச் சந்தைக்குத்தான் செல்ல வேண்டும். அதுவும் தனியாகச் செல்ல வேண்டும். கூட்டமாகச் செல்பவர்கள் தமக்குள்ளேயே பேசிக்கொண்டு திரும்பிவிடுவர். தனியே செல்பவருக்கோ, பிறரோடு நான்கு வார்த்தை பேசாமல் ஒரு வேளை உணவும் கிட்டாது.

சென்ற ஆண்டு வணிக நிமித்தமாக மலேசியா சென்றிருந்தேன். வந்த அலுவல் வெள்ளிக்கிழமையோடு முடிந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாள்கள் கையில் இருந்தன. உடன் வந்தவர் எவருமில்லை. அந்த இரு நாள்களையும் பினாங்கில் கழிப்பதென்று முடிவு செய்தேன்.

1985ஆம் ஆண்டிலிருந்து தீவுக்குப் பாலம் இருந்தபோதிலும், பட்டர்வொர்த்திலிருந்து படகில் செல்வதே அழகு. கால் மணி நேரத்திற்குள் ஜார்ஜ் டவுன் துறையில் இறங்கிவிடலாம். 1786இல் பிரான்சிஸ் லைட் என்னும் ஆங்கிலேயர் இத்தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் கைக்கொண்டு துறைமுகம் அமைத்தார். சுங்கவரி இல்லாத துறைமுகம் என்பதால் பல நாட்டு வணிகரும் வந்து குவிந்தனர். அவர்களுள் முன்வரிசையில் நின்றவர்கள் சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம்கள். அவர்களைச் 'சூலியா' என்று அழைத்தனர். மலபார் தெரு என்று முன்னர் வழங்கிய வீதி, அவர்களின் பெயராலேயே சூலியா தெரு ஆயிற்று. நம் முன்னோர் 'சபர்' போவதென்று கூறினரே, அந்தச் சபுராளிகளின் கால்பட்ட தெரு அது.

அத்தெருவின் அருகே கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் கம்பீரமாக நிற்கிறது. தென்னிந்திய மக்களின் தலைவராக, அதாவது 'கப்பித்தான்' ஆக நியமிக்கப்பட்ட காதர் முகைதீன் என்பவரின் முயற்சியால் எழுந்தது அது. 1801ஆம் ஆண்டில் பள்ளிவாசலுக்கென 18 ஏக்கர் நிலம் வழங்கப்பட்டது. அதே வீதியில் சற்று நடந்தால் மாரியம்மன் கோயில், சீனரின் கருணைத் தேவி கோயில், 1818இல் கட்டப்பட்ட புனித ஜார்ஜ் தேவாலயம் ஆகியவற்றையும் காணலாம். பக்கத்துத் தெருவில் நாகூர் தர்காவின் நினைவாக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய சிறிய தர்கா ஒன்றும் உண்டு. கடல் கடந்து போனவர்கள் மூட்டையோடு தம் ஊரையும் சுமந்து சென்றிருக்கிறார்கள்.

லுஹர் தொழுகையை முடித்துவிட்டு உணவுக்குச் சென்றேன். பினாங்கின் புகழ்பெற்ற உணவு 'நாசி கண்டார்'. நாசி என்றால் சோறு. கண்டார் என்பது தோளில் சுமக்கும் காவடித் தண்டு. ஒரு முனையில் சோற்றுப் பாத்திரமும் மறுமுனையில் குழம்புச் சட்டியும் தொங்க, நம் ஆட்கள் துறைமுகத் தொழிலாளருக்கு உணவு விற்றுத் திரிந்தனர். பெயர் அதனால் வந்தது. இன்று காவடி மறைந்து பெரிய உணவகங்கள் வந்துவிட்டன. 1907 முதல் நடைபெறுவதாகப் பெயர் பெற்ற ஹமீதியா போன்றவை இன்றும் உள்ளன. பல குழம்புகளையும் ஒன்றாகச் சோற்றின் மீது ஊற்றச் சொல்ல வேண்டுமானால் 'பஞ்சிர்' என்றால் போதும். வெள்ளம் என்று பொருள்!

நான் சென்ற சிறிய கடையில் பரிமாறிய இளைஞர் என் பேச்சைக் கேட்டவுடன், "மாமா, ஊர்ப் பக்கம் மழை உண்டா?" என்று வினவினார். இராமநாதபுரம் மாவட்டத்தவர். வந்து மூன்றாண்டுகள் ஆயினவாம். இடையில் ஊர் திரும்பவில்லை. தங்குவது கடையின் மேல்மாடியில், மேலும் எழுவரோடு. "பெருநாள் எப்படித் தம்பி?" என்றேன். "தொலைபேசியில்தான் மாமா. உம்மா அழுவார்கள், நான் சிரித்துக்கொண்டே பேசுவேன்" என்றார். பின்பு என் தட்டில் கேளாமலேயே இன்னொரு மீன் துண்டை வைத்துவிட்டு, அடுத்த மேசைக்குச் சென்றுவிட்டார். அந்த மீனுக்கு அவர் விலை எழுதவில்லை.

ஞாயிறு காலை லோரோங் கூலிட் சந்தைக்குச் சென்றேன். நகர விளையாட்டரங்கின் பக்கத்தில் கூடும் பழம்பொருள் சந்தை அது. பழைய கடிகாரங்கள், நாணயங்கள், தச்சுக் கருவிகள், பாத்திக் துணிகள், பழைய ஆடைகள் எனத் தரை முழுவதும் விரித்திருந்தனர். பின்னலாடை ஊர்க்காரனின் கை சும்மா இராது. குவியலிலிருந்து ஒரு டி-சட்டையை எடுத்துக் கழுத்துப் பட்டியைத் திருப்பிப் பார்த்தேன். 'இந்தியாவில் தயாரிக்கப்பட்டது' என்றிருந்தது. ஓவர்லாக் தையலையும் கழுத்து ரிப்பையும் கண்டபோது, அது திருப்பூர்க் கைகளின் வேலையாக இருக்கக்கூடும் என்றே தோன்றிற்று. எந்த நாட்டில் எவர் உடுத்திக் கழித்து, எந்தக் கப்பலில் வந்து இங்குக் கிடந்ததோ! அதைத் தைத்தவர் அன்று ஒன்றரை ஷிப்டு வேலை பார்த்திருப்பார்.

மலாய் மூதாட்டி ஒருவரிடம் ஒரு பாத்திக் துண்டு வாங்கினேன். பணத்தைப் பெற்றுக்கொண்ட அவர் "ஜுவால்" என்றார். பக்கத்தில் நின்றவர், "'பெலி' என்று மறுமொழி சொல்லுங்கள்" என்று தமிழில் எடுத்துரைத்தார். 'விற்றேன்' என்று விற்பவர் சொல்ல, 'வாங்கினேன்' என்று வாங்குபவர் சொல்வது மலாய் முஸ்லிம்களிடையே நிலவும் வழக்கமாம். நிக்காஹ் மஜ்லிஸில் நாம் கேட்கும் ஈஜாபும் கபூலும் சந்தைக் கடையிலும் வாழ்வதைக் கண்டு வியந்தேன். இருவரும் மனமொப்பியே கொடுத்தோம், பெற்றோம் என்பதற்கு அந்த ஒரு சொல் சாட்சி. பேரம் பேசியதில் ஏதேனும் மனத்தாங்கல் இருந்தாலும் அச்சொல்லோடு தீர்ந்துவிடுகிறது.

பிறகு சௌராஸ்தா அங்காடி. நாற்சந்தி என்னும் பொருள்படும் உருதுச் சொல்லே அதன் பெயர். ஜாதிக்காய்க் கொட்டையை மட்டுமே அறிந்த நமக்கு, அதன் சதையை ஊறுகாயாகவும் இனிப்பாகவும் அங்கே விற்பது புதுமை. மேல்தளத்தில் பழைய புத்தகக் கடைகள். இல்லத்தரசிகளுக்கு ஜாதிக்காய், பிள்ளைகளுக்குப் புத்தகம் என்று இரு தேவைகளும் ஒரே கட்டடத்தில் நிறைவேறிவிடும்.

ஆயினும் அந்தத் தெருக்களில் ஒரு வெறுமையும் தென்பட்டது. முன்பு அங்கே வீட்டு வாடகைக்குக் கட்டுப்பாடு விதிக்கும் சட்டம் இருந்தது. அது நீக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டு ஜனவரி முதல் வாடகை உயர்ந்தபோது, தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த எளிய குடும்பங்கள் பல வெளியேற நேர்ந்தது. 2008இல் ஜார்ஜ் டவுனை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. கட்டடங்கள் காக்கப்பட்டன, பல வீடுகள் தங்கும் விடுதிகளாயின. சுவர்களுக்குக் கிட்டிய காவல் அவற்றினுள் வாழ்ந்த மக்களுக்குக் கிட்டவில்லை.

இவற்றையெல்லாம் எதற்காக எழுதுகிறேன் என்று நீங்கள் வினவலாம். நம் ஊரும் ஒரு பினாங்குதான் என்பதற்காகவே எழுதுகிறேன்.

1925 வாக்கில் குலாம் காதர் என்பவர் கல்கத்தாவிலிருந்து பின்னல் இயந்திரம் கொண்டுவந்து பனியன் தொழிலைத் தொடங்கினார் என்பது திருப்பூரில் வழங்கும் வரலாறு. 1978இல் இத்தாலியிலிருந்து வந்த ஒரு கொள்முதலாளர் ஏற்றுமதிக்கு வழி திறந்தார் என்பர். காதர்பேட்டையின் பனியன் கடைகளில் ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கை வாங்க ஆப்பிரிக்காவிலிருந்தும் தனி ஆளாக வணிகர் வந்து அலைகின்றனர். 2011இல் திருப்பூர் மாநகராட்சியோடு இணைந்த நம் நல்லூரின் சந்துகளில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் பிள்ளைகள் ஓர் அறைக்கு ஐவர், அறுவராகத் தங்கி வேலை செய்கின்றனர். சனிக்கிழமை கூலி வாங்கி, ஞாயிற்றுக்கிழமை கடைவீதியில் சுற்றும் அவர்களை நாம் காணாத வாரமில்லை. அவர்களின் தாய்மாரும் தொலைபேசியின் மறுமுனையில் அழுகின்றனர். இவர்களும் சிரித்துக்கொண்டே பேசுகின்றனர்.

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின. அவை பொய்யென்று காவல்துறை அறிவித்தது. பீகார் அரசின் குழுவும் திருப்பூர் வந்து விசாரித்தது. எனினும் அதற்குள் அஞ்சி ஊர் சென்றோர் பலர். அவ்வதந்தி ஏன் அத்தனை எளிதில் நம்பப்பட்டது? பக்கத்து அறையில் வாழ்பவருக்கும் நமக்கும் இடையே பேச்சில்லை. சந்தேகம் எழுந்த வேளையில் கேட்டுத் தெளிய அவருக்கு இவ்வூரில் ஒரு வீட்டுக் கதவு இல்லை. அதுவே முதற்காரணம் என்பது என் கருத்து.

பினாங்கில் நம் முன்னோருக்குத் தொழ இடம் கிடைத்தது. தெருவுக்கு அவர்கள் பெயரே கிடைத்தது. வேற்று மதத்தாரும் பக்கத்திலேயே கோயில் கட்டிக்கொண்டு அண்டை வீட்டாராய் வாழ்ந்தனர். நம்மிடம் வந்து சேர்ந்தவர்களுக்கு நாம் கொடுத்திருப்பது வாடகை அறை மட்டுமே. அதுவும் அதிக வாடகைக்கு.

பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. வீட்டை வாடகைக்கு விட்டிருப்போர் தண்ணீரும் கழிப்பிடமும் போதுமா என்று ஒருமுறை சென்று பார்க்கட்டும். கடை வைத்திருப்போர் மொழி தெரியாதவரிடம் விலை கூட்டிச் சொல்லாதிருக்கட்டும். பெருநாள் அன்று பிரியாணி ஆக்கும் தாய்மார்கள், பக்கத்து அறைப் பிள்ளைகள் எந்த மதத்தவராயினும் ஒரு தட்டு அனுப்பிவைக்கட்டும். பெயரைக் கேட்டு, ஊரைக் கேட்டு, அவ்வூரில் மழை உண்டா என்றும் கேளுங்கள்.

வெளிநாடு செல்லும் நம் இளைஞர்களுக்கும் ஒரு சொல். ஓய்வு நாள் கிடைத்தால் அறையிலேயே உறங்கிக் கழிக்காதீர்கள், கைபேசியோடும் கழிக்காதீர்கள். அவ்வூர்ச் சந்தைக்குச் செல்லுங்கள். கடவுச்சீட்டைப் பத்திரப்படுத்திவிட்டு, தேவையான பணத்தை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். அந்நாட்டு மொழியில் எண்களையும் நன்றி சொல்லும் சொல்லையும் முதல் நாளே கற்றுக்கொள்ளுங்கள். நம் மொழி பேசும் ஏழைத் தொழிலாளி எவரேனும் எதிர்ப்பட்டால் அவருக்காகக் கொஞ்ச நேரம் ஒதுக்குங்கள். அவர் விரும்பினால், ஊர் திரும்பியபின் அவர் வீட்டாருக்கு ஒரு செய்தி சொல்லி அனுப்புங்கள். மகனை நேரில் கண்டுவந்த ஒருவரின் வாயால் கேட்கும் சேதி, எத்தனை தொலைபேசி அழைப்புகளுக்கும் ஈடாகாதது.